கம்பின் ஆண்மலடும் வித்தின் வரலாறும்

மாத்தளை மாவட்டத்தில் தும்பறை மலைத்தொடரின் கீழ்ச்சாரலை அடுத்துள்ள லக்கலப் பிரதேசம் சேனைப் பயிர்ச்செய்கைக்குப் பெயர் பெற்றது. அச்சேனைகளின் தலையாய தானியங்களுள் குரக்கன் ஒன்றாகும். குரக்கன் விதைப்போர் அடுத்த பருவத்துக்கான வித்தைத் தம் அறுவடையிலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளலாம். குரக்கன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதாதலின், தாயின் இயல்பு பிள்ளையில் மாறாது நிற்கும். மற்றொரு சிறுதானியமாகிய கம்போ இதற்கு நேர்மாறானது. கம்பு வித்து கலப்பு வித்தாக மாறிய வரலாற்றையும், அதனால் வந்த பெருவிளைவையும், பின் நேர்ந்த அழிவையும், அவ்வழிவின் பழி எங்கே சாரும் என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

கம்பங்கதிரில் பெண்ணுறுப்பாகிய குறிகள் முதலில் வெளிவரும். இரண்டொரு நாள் கழிந்த பின்னரே மகரந்தக்கூடுகள் தோன்றும். ஆகவே அயற்செடியின் மகரந்தம் காற்றில் வந்து முந்திக்கொள்கின்றது. வேறுபட்ட இரு வழிகள் இவ்வாறு கலக்கும்போது பிறக்கும் செடி பெற்றோர் இருவரிலும் வீரியம் மிக்கதாய் வளர்தல் உண்டு. கோயம்புத்தூரில் 1923 இல் நிறுவப்பட்ட சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வீரியத்தைப் பயன்கொள்ள முயன்றனர். 1951 அளவில் அவர்கள் கண்ட முறை எளியது: இரு வழிகளின் வித்தையும் கலந்து விதைத்து, விளைந்ததையே வித்தாகக் கொள்ளுதல். ஆயின் அவ்வித்தில் நூற்றுக்கு நாற்பதளவே மெய்யான கலப்பு. எஞ்சியவை பழைய பெற்றோரே. ஒவ்வொரு பூவிலிருந்தும் மகரந்தக்கூட்டைக் கையாற் களைந்துவிட்டாலென்ன என்று கேட்கலாம். ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பூக்கள்! ஒரு நாட்டுக்கு வேண்டும் வித்தை எவர் அவ்வாறு ஆக்குவார்?

விடை மலட்டுச் செடியிலிருந்து வந்தது. 1954 இல் அமெரிக்காவில் ஸ்ரீபன்ஸ், ஹொலன்ட் என்போர் சோளத்தில் ஆண்மலட்டைக் கண்டு அறிவித்தனர். 1958 இல் ஜோர்ஜியா மாநிலத்து டிப்டன் நகரிற் பணியாற்றிய கிளென் பேர்ட்டன் கம்பிலும் அதனை அறிவித்தார். அவர் கால்நடைத் தீவனப் பயிர்களை ஆராய்ந்தவர்; இந்தியாவின் உணவுத் தானியத்துக்குத் தம் செடி தாயாகும் என எண்ணியிருப்பாரோ, அறியோம். அவர் உருவாக்கிய வழியே டிப்ட் 23 ஏ என்பது. அடுத்த ஆண்டிலேயே கோயம்புத்தூரிலிருந்து மேனன் என்பாரும் கம்பின் ஆண்மலடு பற்றி எழுதினார்.

மலட்டுச் செடிக்குச் சந்ததி ஏது என மாணவர் வினாவுவது வழக்கம், வினா பொருத்தமானதே. இச்செடியின் பெண்மை பழுதற்றது. மகரந்தம் மட்டுமே பயனற்றது. அக்குறை கலத்தின் கருவிலன்றிக் குழியவுருவிலுள்ள இழைமணிகளில் இருப்பதாகலின், தாய்வழியே மட்டும் இறங்கும். ஆதலால் மூன்று வழிகள் வேண்டப்படுகின்றன. முதலாவது மலட்டுத் தாய்வழி. இரண்டாவது, அதே கருவும் குறையற்ற குழியவுருவும் உடைய பேணுவழி. இதன் மகரந்தத்தைப் பெற்றே தாய்வழி ஆண்டுதோறும் பெருகும். மூன்றாவது மீட்புவழி. இதன் கருவிலுள்ள மீட்புப் பரம்பரையலகு குழியவுருவின் குறையை அடக்கிவிடும்; எனவே இதனுடன் கலந்து பிறக்கும் செடி மகரந்தம் சொரிந்து மணி பிடிக்கும். ஆயின் அம்மணியை மீண்டும் விதைத்தாலோ வீரியம் குன்றும். மீட்பலகு ஒன்றே செயற்படும் எளிய நிலையில், செடிகள் தம்முள் மகரந்தம் மாற்றிக்கொண்டால் நாலிலொரு பங்கு மீண்டும் ஆண்மலடாகும். குரக்கன் விதைப்போருக்கு உள்ள உரிமை கலப்புக் கம்பு விதைப்போருக்கு இல்லாது போனமை இவ்வாறே.

1965 இல் லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் டிப்ட் 23 ஏ வழியைத் தாயாகக் கொண்டு எச்.பி. 1 என்னும் கலப்பினத்தை வெளியிட்டார். எச்.பி. 5 வரை தொடர்ந்து வந்த இனங்களுக்கும் தாய் அவ்வொருத்தியே. 1970-71 இல் இந்தியாவின் கம்பு விளைவு 80 இலட்சம் தொன்னை எட்டியது. அடுத்த பருவத்திலேயே அடிச்சாம்பல் நோய் பரவிற்று. பங்கசை ஒத்த நுண்ணுயிரொன்றால் வரும் இந்நோய் கண்ட கதிர் மணி பிடியாது இலைக்கொத்தாய்த் திரியும். 1974 இலும் நோய் மீண்டது. வறட்சியும் உடன் சேர்ந்தமையால் 1974-75 இன் விளைவு 33 இலட்சம் தொன்னளவுக்கு வீழ்ந்தது.

பழி முதலில் மலட்டுக் குழியவுருவின் மேல் விழுந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1970 இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் நூற்றுக்குப் பதினைந்தளவை அழித்த இலைக்கருகல் நோய்க்கு, அங்கு வழங்கிய மலட்டுக் குழியவுருவே இடங்கொடுத்ததென நிறுவப்பட்டிருந்தது. கம்பிலும் அவ்வாறே எனக் கருதுதல் இயல்பு. ஆயின் ஒரே கருவையுடைய தாய்வழியையும் பேணுவழியையும் அருகருகே வைத்து நோயேற்றிப் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவில் நலிந்தன. எனவே குறை குழியவுருவினதன்று. நோயை எதிர்க்கும் ஆற்றலற்ற ஒரே கருவை நாடெங்கும் பரப்பியதே குறை என்பது தெளிவாயிற்று. ஒரு நிகழ்ச்சியின் காரணத்தை இன்னொன்றுக்கு அப்படியே ஏற்றியுரைக்கும் பிழை வரலாற்றாசிரியருக்கு மட்டும் உரியதன்று போலும்!

இத்தெளிவாற் பயனும் விளைந்தது. மலட்டு முறையைக் கைவிட வேண்டியிராமையின், தாயின் கருவையே மாற்றலாயினர். 1972 இல் நிறுவப்பட்டு ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் இயங்கும் இக்ரிசாட் நிறுவனத்தார் டிப்ட் வழியினதொன்றைக் காமாக் கதிரூட்டித் தேர்ந்து, நோயெதிர்ப்புடைய 81 ஏ என்னும் தாய்வழியை ஆக்கினர். பல மூதாதையரின் கலவையான டபிள்யூ.சி.சி. 75 என்னும் இனத்தையும் அவர்கள் உருவாக்கினர். 1982 இல் இந்தியாவில் வெளியான அது கலப்பு வித்தன்று. அதன் அறுவடையிலிருந்து வித்தெடுத்துக்கொள்ளலாம். 1990 இல் அரியானாவில் வெளிவந்த எச்.எச்.பி. 67 ஏறத்தாழ அறுபத்தைந்து நாளில் முற்றி, வறண்ட நிலத்தாரின் விருப்பத்துக்கு உரியதாயிற்று. அதுவும் நோய்க்கு ஆளாகத் தொடங்கவே, அதன் பெற்றோர் இருவருக்கும் எதிர்ப்பலகுகளை ஊட்டிப் புதுக்கிய வடிவம் 2005 இல் வெளியிடப்பட்டது. அதன் தாய்வழியில் இருப்பது பேர்ட்டன் 1958 இல் அறிவித்த அதே மலட்டுக் குழியவுருவே.