நுரையீரல் தமனியில் நாட்பட்ட இரத்த உறைவு: அறுவையில்லா மருத்துவத்தின் வரலாறு

காலின் ஆழ்சிரைகளில் உண்டாகும் இரத்தக்கட்டி சில வேளைகளில் நுரையீரல் தமனிக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு உரிய மருத்துவத்தில் அது கரைந்துவிடுகிறது. சிலருக்கோ கரையாமல் தழும்பாக இறுகித் தமனிச் சுவரில் ஒட்டிவிடுகிறது. தமனியில் அழுத்தம் கூடி, இதயத்தின் வலப்பக்கம் நாளடைவில் தளர்கிறது. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது இதன் முக்கிய அறிகுறி. பந்தலூர் போன்ற தேயிலை மலைகளில் இதை இரத்தசோகை என்றோ வேலைக் களைப்பு என்றோ எண்ணி விட்டுவிட இடமுண்டு.

நீலகிரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை 1952இல் லேமனும் கட்புஷும் பதிவு செய்தனர். அரிவாள் செல் நோய் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதாகும்.

அறுவையும் அதன் எல்லையும்

இறுகிய உறைவைத் தமனியின் உட்படலத்தோடு உரித்தெடுக்கும் அறுவை மருத்துவம் அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970 முதல் வளர்ந்தது. நோயைப் பெருமளவு நீக்கவல்ல முறை இன்றும் இதுவே. ஆனால் உறைவு நுண்கிளைகளில் இருந்தால் கத்தி எட்டாது. வேறு கடும் நோய் உள்ளவர்களின் உடலும் இதைத் தாங்காது. அறுவையில்லா வழிகள் முதலில் இவர்களுக்காகவே தேடப்பட்டன.

பலூன் சிகிச்சை

சிரை வழியே குழாய் செலுத்தி, அடைபட்ட கிளையைப் பலூனால் விரிக்கும் முறையை 1988இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியிடம் கையாண்டனர். 2001இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 18 பேருக்குச் செய்தபோது நடைத்திறன் கூடியது. ஆயினும் 11 பேருக்கு நுரையீரலில் நீர் கோத்தது, ஒருவர் இறந்தார். அதனால் இம்முறை பரவவில்லை. பின்னர் ஜப்பானிய மருத்துவர்கள் சிறிய பலூனைக் கொண்டு, ஒரே நாளில் முடிக்காமல் பல அமர்வுகளில் சிறிது சிறிதாக விரித்தனர். 2012இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் இம்முறைக்கு மறுவாழ்வு தந்தன.

மாத்திரை

2013இல் வெளியான ஆய்வொன்றில் 261 பேர் கலந்துகொண்டனர். ரியோசிகுவாட் உட்கொண்டவர்கள் 16 வாரங்களில், ஆறு நிமிடத்தில் சராசரியாக 39 மீட்டர் கூடுதலாக நடந்தனர். அவ்வாண்டே அமெரிக்கா இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. இது தமனியைத் தளர்த்தும், உறைவைக் கரைக்காது.

தேர்வு

அறுவைக்கு அஞ்சி மாத்திரையைத் தேர்வது சரியான வழியன்று. அறுவைக்குத் தகுந்தவரா என்பதை முதலில் அனுபவமுள்ள மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். எவ்வழியைத் தேர்ந்தாலும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து வாழ்நாள் முழுதும் தேவை. வார்ஃபரின் உட்கொள்வோர் தவறாமல் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இரத்தக்கட்டிக்கு மூன்று மாதம் மருந்து உண்டபின்னும் மூச்சு வாங்கினால், நுரையீரல் இரத்த ஓட்ட ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்பது நலம்.