யாருக்குச் சொல்லியனுப்புவது?

இடுக்கண் நேருங்கால் ஓடிவந்து தாங்குவதற்கே சுற்றம் என்பது உண்டு. ஆனால், இடுக்கண் நேர்ந்த செய்தி சுற்றத்தாரைச் சென்றடைந்தாலன்றி அவர்கள் ஓடிவருதல் இயலாது. நினைவிழந்து கிடக்கும் ஒருவனைச் சூழ்ந்து நிற்போர், ‘இவன் யார்? யாருக்குச் சொல்லியனுப்புவது?’ என்று வினவும்போது, விடைகூற ஒரு துண்டுத் தாளேனும் இருத்தல் வேண்டும். அச்சிறு தாளின் அருமையை மலாயாத் தமிழர் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றனர்.

கங்காணியின் நினைவில் இருந்த பட்டியல்

ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தபின், தமிழகத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதில் கங்காணி முறையே ஓங்கி நின்றது. கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வருவார். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கியபின் அவர்கள் கப்பலேறினர்.

இவ்வாறு வந்தவர்களின் ஊரும் உறவும் கங்காணியின் நெஞ்சில் பதிந்திருந்தன. தோட்டத்தில் ஒருவர் இறப்பின், ஊரில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதை அவர் அறிவார். இஃது இன்றியமையாததாகவும் இருந்தது. பெரட்டுக் களத்தில் ‘முனியாண்டி’ என்று கூப்பிட்டால் நால்வர் திரும்பிப் பார்க்கும் நிலையில், தந்தை பெயரும் ஊரும் வட்டமும் சேர்ந்தாலன்றி ஒருவரை இன்னார் என்று தெளிதல் அரிது. தோட்டத்துச் செக்ரோலோ கூலியைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டதேயன்றி, உறவினருக்குச் செய்தி சொல்வதற்காக எழுதப்பட்டதன்று.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் வெளியேறுவதைத் தடை செய்தது. கங்காணியின் ஊர்ப் பயணங்கள் நின்றன. ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையிலிருந்த பிணைப்பு இளகத் தொடங்கியது. ஒருவர் நினைவில் மட்டும் வாழ்ந்த பட்டியல், அவரோடு மறையக்கூடியது என்பதைப் பின்வந்த போர் காட்டியது.

சயாமில் தொலைந்த பெயர்கள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இந்தியாவுடனான கடிதத் தொடர்பு அற்றது. அவ்வாண்டிலேயே சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை வேலை தொடங்கியது. 1943 அக்டோபரில் பாதையின் இருமுனைகளும் இணைந்தன. இதற்காக 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களினும் பன்மடங்கான ஆசியத் தொழிலாளரும் காட்டுக்குள் தள்ளப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் மட்டும் 75,000 பேர் அளவினர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

கைதிகளும் தொழிலாளரும் ஒரே மழையில் நனைந்தனர். 1943இல் பரவிய ஒரே காலராவுக்கு இரையாயினர். ஆயினும் இறப்புக்குப் பின் அவர்களிடையே பெரும் வேறுபாடு தோன்றியது. பிரிட்டிஷ் படைவீரனின் கழுத்தில் அடையாள வில்லை இருந்தது. அவனுடைய ஊதியக் கையேட்டில் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருந்தன. முகாம்களில் கைதிகள் இறந்தோர் பட்டியலை மறைவாக எழுதிக் காத்தனர். போர் முடிந்த சில கிழமைகளில் பாதை நெடுகச் சென்ற தேடற்குழு, 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளங் கண்டது. இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு.

தமிழ்த் தொழிலாளரோ குழிகளில் ஒன்றாகப் புதைக்கப்பட்டனர், அல்லது எரிக்கப்பட்டனர். அவர்களுள் மாண்டவர் எத்தனை பேர் என்பதற்கு ஒன்றோடொன்று ஒவ்வாத மதிப்பீடுகளே உள்ளன. இவ்வேறுபாட்டுக்குப் பட்டியல் ஒன்றே காரணம் அன்று. படைவீரனைத் தேடுவதற்கு அவனுடைய அரசு இருந்தது. தொழிலாளியைத் தேடுவதற்கு அத்தகைய துணை இல்லை. எனினும், தேட முனைந்தவருக்கும் பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பு கிடைக்கவில்லை என்பதே உண்மை.

இதன் சுமை தோட்டத்து லயங்களில் விழுந்தது. கணவன் உளனோ இலனோ என்றறியாத மனைவி, நெற்றிப் பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? தந்தைக்குத் திதி கொடுக்க விரும்பும் மகன் எந்நாளைக் கொள்வது? கடலுக்கு அப்பால் கடிதத்தை எதிர்பார்த்திருந்த தாய்க்கு யார் எழுதுவது? இறப்பின் துயரம் காலத்தால் ஆறும். அறியாமையின் துயரம் ஆறுவதில்லை.

இக்கால இல்லங்களுக்கு ஒரு பாடம்

1948ஆம் ஆண்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின், மலாயாவில் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. அட்டை ஒருவர் யார் என்பதைச் சொல்லும். அவருக்கு உற்றவர் யார் என்பதைச் சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியது குடும்பத்தின் கடமை.

இன்று அக்கடமையைக் கைத்தொலைபேசியிடம் ஒப்படைத்துவிட்டோர் பலர். அக்காலக் கங்காணியைப் போலவே அதுவும் எல்லா உறவையும் தன்னிடமே வைத்திருக்கின்றது. அது போனால் யாவும் போயின. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தபோது, மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். மின்சாரமின்றி மின்கலம் தீர்ந்துபோன தொலைபேசியில் தம்பியின் எண்ணைத் தேட முடியாது.

ஆகவே, ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பட்டியல் எழுதப்படல் வேண்டும். குடும்பத்தினர் ஒவ்வொருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், இரத்த வகை, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து ஆகியன அதில் இடம்பெறுக. பணியிடம், பள்ளி, அண்டை வீட்டார் ஆகியோரின் எண்கள் அடுத்து வருக. வேற்றூரில் வாழும் உறவினர் ஒருவரின் பெயரும் கட்டாயம் வேண்டும். உள்ளூர் முழுதும் இடர்ப்பட்டாலும் அவர் நலமாய் இருப்பார். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, தீயணைப்புக்கும் மருத்துவ ஊர்திக்கும் 995 என்பன பெரிய எழுத்தில் மேலே நிற்க. மீட்க வருபவர் தமிழறியாதவராகவும் இருக்கலாம். ஆதலின் தமிழோடு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுதல் நன்று. ஒரு படி வீட்டிலும், ஒரு படி வேற்றூர் உறவினரிடமும் இருக்கட்டும். பிள்ளைகளின் பையில் பெற்றோர் பெயரும் எண்களும் மட்டும் கொண்ட சிறு தாள் போதும்.

தமிழாசிரியர் இதனைக் கட்டுரைப் பாடத்தில் ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். மாணவர் பாட்டியிடம் கேட்டுப் பூட்டன் பெயரையும் ஊரையும் ஓர் ஓரத்தில் குறித்துவரின், அத்தாள் குடும்ப வரலாற்றின் முதல் ஏடும் ஆகும். ஆண்டுதோறும் பொங்கலுக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது பழைய எண்களை நீக்கிப் புதியனவற்றைச் சேர்த்தல் கடினமன்று.

சயாமுக்குச் சென்றவர்களின் பெயர்களை இனி முழுமையாகத் திரட்டுதல் இயலாது. அவர்கள் வழிவந்தோரின் பெயர்களேனும் எழுதப்படாமல் போகலாகாது. ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் இதற்குப் போதும்.