கருப்பைக் கட்டியும் கத்தியும்

கருப்பையின் தசைச் சுவரிலே தோன்றும் கட்டிக்கு நார்க்கட்டி என்று பெயர். ஃபைப்ராய்ட் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதனையே. பெண்களுள் மிகப் பலருக்கு இது உண்டு. ஆயினும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. புற்றுநோயாக மாறுவதும் மிக அரிது. மாதவிடாய் நின்ற பின்னர் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். ஆனால், சிலருக்கு மிகுந்த உதிரப்போக்கும், சோகையும், வலியும், கருத்தரிப்பதிலே தடையும் விளைகின்றன. இவர்களுக்குச் செய்யத்தக்கது யாது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1853ஆம் ஆண்டு. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரிலே வால்டர் பர்ன்ஹாம் என்ற மருத்துவர், சூலகக் கட்டி என்று கருதி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். அவள் வாந்தியெடுக்கவே, நார்க்கட்டிகளோடு பருத்திருந்த கருப்பை வெளியே பிதுங்கிவிட்டது. அதை உள்ளே திரும்பச் செலுத்த இயலாமல், அவர் கருப்பையையே வெட்டி எடுத்தார். அவள் பிழைத்தாள். அதே ஆண்டில், அதே ஊரில், கில்மன் கிம்பால் என்பவர் நார்க்கட்டிக்காகத் திட்டமிட்டே இச்சிகிச்சையைச் செய்து வெற்றி கண்டார். எனினும், அக்காலத்தில் இத்தகைய சிகிச்சைக்கு உட்பட்டவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். 1867இல் லிஸ்டர் கிருமி நீக்க முறையை வெளியிட்ட பின்னரே இந்நிலை மெல்ல மாறியது. உயிர் பிழைத்தால் போதும் என்பதே அன்றைய அளவுகோல்.

அந்த அளவுகோலை ஏற்க மறுத்தவர் லண்டன் மருத்துவரான விக்டர் பானி. அவருடைய மனைவிக்கே நார்க்கட்டியின் பொருட்டுக் கருப்பை அகற்றப்பட்டது. அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. கட்டிக்காகக் கருப்பையையே இழக்க வேண்டுமா என்று அவர் வினவினார். சிகிச்சையின்போது இரத்தப் பெருக்கைத் தடுக்கத் தனியாக ஓர் இடுக்கியை அமைத்து, கட்டிகளை மட்டும் தோண்டியெடுத்துக் கருப்பையைத் தைத்துக் காத்தார். இதற்கெனவே 1946இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

அடுத்து வந்தது சிறு துளைகளின் காலம். 1976இல் நியூயார்க்கில் ராபர்ட் நியூவிர்த், கருப்பையின் வாய் வழியாகவே கருவியைச் செலுத்தி உட்புறக் கட்டியைச் சீவியெடுக்கும் முறையை வெளியிட்டார். ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம், வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியே கட்டியை அகற்றினார். முதலில் அவருடைய முறைகளை எள்ளி நகையாடியோர் பலர். துளை சிறிது, கட்டியோ பெரிது. ஆகவே, உள்ளேயே அதைத் துண்டாக்கும் இயந்திரம் வந்தது. மறைந்திருக்கும் புற்று அதனால் வயிற்றினுள் பரவக்கூடும் என்று 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. சிறு துளை என்பதனாலேயே ஒரு சிகிச்சை ஆபத்தற்றதாகிவிடாது என்பது அதனால் விளங்கிற்று.

பாரிஸ் நகரின் ஜாக் ரவினா கண்டதோ எதிர்பாராத பயன். அறுவையின்போது இரத்தம் பெருகாதிருக்க, கருப்பைத் தமனிகளில் நுண்துகள்களைச் செலுத்தி முன்கூட்டியே அடைத்துவந்தனர். சில பெண்களுக்கு அதனாலேயே நோய் தணிந்து, அறுவையே வேண்டாததாயிற்று. 16 பேரிடம் கண்ட பயனை அவர் குழுவினர் 1995இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். தொடையருகே ஒரு குழாயைச் செலுத்துவதே போதும். கட்டி உணவின்றிச் சுருங்கும்.

எது சிறந்தது? நெதர்லாந்தில் 177 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், தமனியடைப்புச் செய்துகொண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், பத்தாண்டுகளுக்குப் பின்னும் கருப்பையை இழக்கவில்லை. எஞ்சியோருக்கு அதை அகற்ற நேர்ந்தது. பிரிட்டனில் 254 பெண்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், தமனியடைப்பு, கட்டியகற்றல் ஆகிய இரண்டுமே நலம் தந்தன. இரண்டாண்டு முடிவில் கட்டியகற்றலே சற்று மேம்பட்டு நின்றது. மருத்துவமனையில் தங்கும் காலம் தமனியடைப்பில் குறைவு. கருத்தரிக்க விரும்புவோருக்குப் பெரும்பாலும் கட்டியகற்றலே பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால், கட்டி மீண்டும் தோன்றலாம். கருப்பையை அகற்றிவிட்டால் கட்டி திரும்பாது, தாய்மையும் திரும்பாது.

நம் நாட்டில் இவ்வொப்பீடு ஏட்டளவில் நிற்பதன்று. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களின் கருப்பை தேவையின்றி அகற்றப்பட்டதாக எழுந்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்குமாறு மாநிலங்களைப் பணித்தது.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு மொழியும் இதிலே ஒரு சிக்கல். மயோமெக்டமி, ஹிஸ்டெரெக்டமி என்னும் இரு சொற்களும் செவிக்கு ஒன்றுபோல ஒலிக்கும். முன்னது கட்டியை மட்டும் எடுப்பது. பின்னது கருப்பையையே எடுப்பது. வடநாட்டு மருத்துவமனையில் 'காண்ட்' என்றால் கட்டி. 'பச்சேதானி' என்றால் கருப்பை. சம்மதத் தாளிலே கையெழுத்திடுமுன், எடுக்கப்போவது எது, வேறு வழி உண்டா, ஒன்றும் செய்யாது பொறுத்திருந்தால் என்ன நேரும் என்று கேட்டறிக. மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. பானியின் மனைவிக்குக் கிட்டாத தேர்வுகள் இன்றைய பெண்ணுக்கு உண்டு. அவை உண்டென்று அவளுக்குப் புரியும் சொல்லிலே சொல்லப்படுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.