பொதித் தோற்றப் போலி

ஒரு நிறுவனத்தின் பெயரைத் தொடாமலே அதன் பொதியின் நிறம், படம், எழுத்தமைப்பு, வடிவம் ஆகியவற்றை ஒத்த பொதியில் வேறொருவர் தம் சரக்கை அடைத்து விற்பது பொதித் தோற்றப் போலி எனப்படும். இலங்கையில் இது பதிவான வியாபாரக் குறியை மீறுதல், நேர்மையற்ற போட்டி என்னும் இரு தலைப்புகளின் கீழ் சட்டத்துக்குள் வருகிறது. நஷ்டம் வியாபாரிக்கு மட்டுமல்ல, வாங்கிச் சமைப்பவருக்கும் உண்டு. புத்தளம் மாவட்டக் கரையின் உப்பைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம்.

சிலாபம், உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம், கற்பிட்டி என நீளும் இந்தக் கரையின் சரக்குகள் உப்பு, கருவாடு, தேங்காய். நூற்றாண்டுகளாக இவை பொதியும் லேபிளும் இல்லாமலே விலைபோயின. 1766இல் கண்டி அரசும் ஒல்லாந்தரும் செய்த உடன்படிக்கையில், சிலாபம், புத்தளம் உப்பளங்களில் கண்டி மக்கள் உப்பு எடுக்கலாம் என்று எழுதிக்கொள்ளும் அளவுக்கு இந்த உப்பு முக்கியமாக இருந்தது. பின்னாளிலும் அது சாக்கில் கடைக்கு வந்து, கொத்தாலும் சுண்டாலும் அளந்து விற்கப்பட்டது. ஊரின் பெயரே அதற்குக் குறி. கருவாடு இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்: ‘கற்பிட்டிக் கருவாடு’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் வாங்குகிறோம்.

உப்பின் நிலை 1995இல் மாறியது. கழலை நோயைத் தடுக்க, உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைக் கழுவி, பொற்றாசியம் அயடேற்றுக் கரைசலைத் தெளித்து, அச்சிட்ட பிளாஸ்டிக் பையில் அடைக்கும் வேலை அப்போது பெருகியது. உப்பில் அயடீன் இருக்கிறதா என்பதைக் கண்ணும் நாக்கும் அறியா. அதற்கு ஒரே சாட்சி பை. நம்பிக்கை பெற்ற பையைப் போல இன்னொரு பை செய்தால், அயடீன் இல்லாத உப்பும் அந்த நம்பிக்கையில் விலைபோகும். இதைச் சில்லறை வியாபாரப் பூசல் என்று ஒதுக்க முடியாதது அதனால்தான்.

புத்தளம் சந்தையில் தமிழ் வாசிப்பவரும் சிங்களம் வாசிப்பவரும் ஒரே கடையில் ஒரே பக்கெற்றை வாங்குகிறார்கள். லேபிளில் எந்த மொழி பெரிதாக இருந்தாலும் யாரோ ஒருவருக்கு அது வெறும் கோடுகள்தான். “அந்த நீலப் பக்கெற், மீன் படம் போட்டது” என்று நிறத்தையும் படத்தையும் சொல்லிக் கேட்பவர் எங்கும் உண்டு. பெயர் வேறாக இருந்தாலும் நிறமும் படமும் ஒத்தால் ஏமாற்று நடந்தே தீரும்.

நீதிமன்றங்கள் இதைப் புரிந்துகொண்டது நம்முடையதைப் போன்ற சந்தைகளை வைத்தே. 1882இல் லண்டன் பிரபுக்கள் சபை தீர்த்த ஜோன்ஸ்டன் எதிர் ஓர்-யூவிங் வழக்கு, ஏடனுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பிய சிவப்பு நூலைப் பற்றியது. இரண்டு யானை லேபிளால் சந்தையில் அறியப்பட்ட நூல் அது. எதிராளியின் லேபிளில் நிறுவனப் பெயர் வேறு, யானைகள் இரண்டு. அந்த லேபிள் தடுக்கப்பட்டது. 1964இல் சிங்கப்பூரிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன ‘ஹக்ஸ்’ இருமல் மிட்டாய் வழக்கில், ஆங்கிலம் வாசிக்காதவர்கள் ‘சிவப்புத் தாள் மிட்டாய்’ என்று கேட்டு வாங்கியதே தீர்ப்பைத் தீர்மானித்தது. ‘பெக்டோ’ என்ற வேறு பெயர் எதிராளியைக் காப்பாற்றவில்லை. பிரிவி கவுன்சில் 1971 வரை இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்தது. 1972இல் பார்லே குளுக்கோஸ் பிஸ்கற் உறை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், வாங்குபவர் இரண்டு உறைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை, மொத்தத் தோற்றமே மனதில் நிற்கும் என்று கண்டது. அதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இலங்கையின் எழுத்துச் சட்டம் மெல்லவே இந்த நிலைக்கு வந்து சேர்ந்தது. 1925ஆம் ஆண்டின் வியாபாரக் குறிகள் கட்டளைச் சட்டம் பதிவுக்கு முதலிடம் தந்தது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை நேர்மையற்ற போட்டியைத் தனிப் பிரிவாக்கியது. இப்போது நடைமுறையில் உள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 160ஆம் பிரிவு, பதிவு செய்யாத குறி, பொருளின் தோற்றம், அது முன்வைக்கப்படும் விதம் ஆகியவற்றாலும் குழப்பம் உண்டாகலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. லேபிள், நிறச் சேர்க்கை, கொள்கலனின் வடிவம் ஆகியவற்றைக் குறியாகப் பதியவும் இடமுண்டு. பதிவு 10 ஆண்டுக்கு, பின்னர் புதுப்பிக்கலாம்.

எல்லா ஒற்றுமையும் குற்றமல்ல. உப்புக்கு நீலமும் கடலலையும், தேங்காய் எண்ணெய்க்குத் தென்னையும் யாருடைய தனிச்சொத்தும் ஆகா. வழக்காளியின் பொதி மக்கள் மனதில் அவருடையதாகப் பதிந்திருக்க வேண்டும். எதிராளியின் பொதி அந்த நினைவை ஏமாற்றுவதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் நிரூபிக்கப்பட வேண்டியவை.

சட்டத்தில் உள்ளது கரைக்குக் கிட்டுகிறதா என்றால், அரைகுறையாகத்தான். இவ்வகை வழக்குகளுக்குரிய வர்த்தக மேல் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. புத்தளத்திலிருந்து சுமார் 130 கிலோமீற்றர். ஒரு பருவத்து உப்பை விற்றுக் கடன் அடைக்கும் சிறு உற்பத்தியாளர் அங்கே போய் வழக்காடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஏமாற்றும் விதமான வியாபார நடத்தையை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் (2003, 9ஆம் இலக்கம்) தடுக்கிறது. சிறியவர்களுக்குக் கைக்கெட்டும் வழி அதுதான். அந்த முறைப்பாட்டு வழி மாவட்ட மட்டத்தில் இன்னும் பலப்பட வேண்டும்.

ஊர்ப்பெயரைப் போலியாக ஒட்டுவதை எதிர்க்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 161ஆம் பிரிவு இருக்கிறது. 2022இல் வந்த திருத்தம் புவியியல் குறியீடுகளுக்குப் பதிவு முறையையும் ஏற்படுத்தியது. அதே ஆண்டு சிலோன் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. புத்தளத்து உப்பும் கற்பிட்டிக் கருவாடும் கூட்டாக விண்ணப்பிக்கத் தகுந்தவையே.

பொதி செய்து விற்பவர்கள் பெயரை மட்டும் பதியாமல் முழு லேபிளையும் நிறத்தோடு தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். முதல் பையின் மாதிரி, அச்சகப் பில், விற்பனைப் பில் ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் பத்திரப்படுத்தவும் வேண்டும். வழக்கு என்று வந்தால் கேட்கப்படுவது அவைதாம்.