ஃபயர்ஃபாக்ஸ், ஐஸ்வீசல் ஆன கதை

இன்னிக்கு லினக்ஸ் பேக்கேஜிங் வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சண்டை.

2006. டெபியன்ல ஃபயர்ஃபாக்ஸ் இருந்தது, ஆனா அந்த நரி லோகோ இல்லை. கோட் ஓப்பன் சோர்ஸ். லோகோவோட உரிமம் அப்படி இல்லை. யாரும் மாற்றலாம், பகிரலாம் என்பது டெபியனின் அடிப்படை விதி. லோகோ அதுல தேறலை. அதனால பெயரை மட்டும் வச்சுக்கிட்டாங்க.

மொசில்லா ஒத்துக்கலை. பெயர் வேணும்னா லோகோவும் வரணும், நீங்க போடுற பேட்ச்சுக்கும் எங்ககிட்ட அனுமதி வாங்கணும்னாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. வேற யாரோ மாத்தின பிரவுசர் கிராஷ் ஆனாலும், திட்டு விழுறது ஃபயர்ஃபாக்ஸுக்குத்தான்.

டெபியனுக்கு என்ன சிக்கல்? அப்போ ஸ்டேபிள் வெளியீடு வந்துட்டா பெரிய வெர்ஷன் மாற்றம் கிடையாது. மொசில்லா கைவிட்ட பழைய வெர்ஷனுக்கும் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்து ஒட்டிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு ஒட்டுக்கும் அனுமதிக்குக் காத்திருந்தா, ஓட்டை திறந்தே கிடக்கும்.

அதனால பெயரையே விட்டுட்டாங்க. 2007 ஏப்ரலில் வந்த 'எட்ச்' வெளியீட்டில் அது ஐஸ்வீசல். ஃபயருக்குப் பதில் ஐஸ், ஃபாக்ஸுக்குப் பதில் வீசல்! தண்டர்பேர்ட், ஐஸ்டவ் ஆச்சு.

2016-ல்தான் சமாதானம். லோகோ உரிமச் சிக்கல் தீர்ந்திருந்தது. டெபியனோட பேட்ச்கள் தரத்தைக் கெடுக்கலைன்னு மொசில்லா தரப்பும் ஏத்துக்கிச்சு. ஃபயர்ஃபாக்ஸ் திரும்பி வந்தது.

காப்பிரைட் வேற, டிரேட்மார்க் வேற. கோட் திறந்திருந்தாலும் பெயர் பூட்டியிருக்கலாம். டெபியன் பெயரை விட்டுக்கொடுத்து, கோடை மாத்துற உரிமையைக் காப்பாத்திக்கிச்சு. என்னைக் கேட்டா, அது லாபமான பேரம்தான்.