மரப் பதனம்

மரத்தைக் கறையானும் பூஞ்சையும் அண்டாதபடி மருந்தேற்றிக் காக்கும் தொழில் மரப் பதனம். வைரம் பாய்ந்த தேக்கையும் வேம்பையும் பனையையும் தேர்ந்து உத்திரமிடுவது, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது ஆகியவை நம் பழைய வழிகள். வைரத்தில் ஊறியிருக்கும் சாறுகளைக் கறையான் விரும்பாது. வெளிப்புற வெள்ளைக்கட்டையை விட்டுவைக்காது.

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர் ஊர்களைச் சூழ்ந்த புல்வெளிகளில் 20ஆம் நூற்றாண்டில் தைலமரம், சீகை, பைன் ஆகியவை பரவலாக நடப்பட்டன. இவை விரைந்து வளர்பவை. வைரம் பாயாத இளமரத்தை வெட்டி வேலிக்கால் ஊன்றினால், மண்ணை ஒட்டிய இடம்தான் முதலில் இற்றுப்போகும். அடிவாரத்தில் கறையான் முந்தும்; மலை ஈரத்தில் பூஞ்சை முந்தும்.

இப்படிப்பட்ட மரத்துக்குத்தான் மருந்து தேவை. இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, காற்றை உறிஞ்சியெடுத்து, நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தில் செலுத்தும் முறைக்கு 1838இல் இங்கிலாந்தின் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்றார். ரயில்பாதையின் குறுக்குக்கட்டைகள் நீடித்து உழைத்தது இதனால்தான். ஆனால் கருமை, நெடி. மேலே பெயிண்ட் பிடிக்காது. நீரில் கரையும் உப்புகளை ஏற்றினாலோ மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் 1933இல் உருவாக்கிய 'ஆஸ்கு' கலவையில் ஆர்சனிக் பென்டாக்சைடு 1 பங்கு, மயில்துத்தம் 3 பங்கு, பொட்டாசியம் டைகுரோமேட் 4 பங்கு. ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும். மயில்துத்தத்திலுள்ள செம்பு பூஞ்சையைத் தடுக்கும். இரண்டையும் மரநாரோடு பிணைத்து மழையில் பெரும்பாலும் கரையாமல் நிறுத்துவது டைகுரோமேட்டிலுள்ள குரோமியம். காமேசத்தின் மேதைமை இந்த மூன்றாவது பொருளில் இருக்கிறது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பிறகு சி.சி.ஏ. (குரோமியம்-செம்பு-ஆர்சனிக் கலவை) என்ற பெயரில் உலகெங்கும் மின்கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் வீட்டுத் தளங்களுக்கும் இவ்வகைக் கலவை பரவலாகப் பயன்பட்டது. அவர் பெயர் நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது.

ஆர்சனிக் கசிவு பற்றிய கவலை எழுந்ததால், 2003 இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளுக்கு இம்மருந்தை ஏற்றுவது நின்றது. இதற்கு ஒரு மாற்றான, வெண்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்த கரைசல் மனிதருக்குத் தீங்கு குறைந்தது. மழையில் கரைந்துவிடும் என்பதால் கூரைக்கு அடியிலிருக்கும் மரத்துக்கே ஏற்றது.

குளிருக்கு அடுப்பங்கரையில் விறகு மூட்டும் மலையூர்களில் ஒன்றை மறக்கக் கூடாது. பச்சை படிந்த பழைய மருந்துக் கம்பத்தை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அதை அடுப்பில் வைக்காதீர்கள். அந்தச் சாம்பலைத் தோட்டத்தில் இடாதீர்கள்.