கைமாறிய வங்கிகளும் பங்குதாரர்களும்

ஒரு வங்கி இன்னொன்றுடன் இணையும்போது பங்குதாரருக்கு என்ன கிடைக்கும் என்பது, 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இணைப்பு நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 44ஏ பிரிவின்படி இரு வங்கிகளும் பேசி முடிவெடுக்கும். பங்குதாரர் கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் தொகையைப் பெற்றுக்கொண்டு விலகலாம். 45ஆம் பிரிவு தள்ளாடும் வங்கிக்கானது. ரிசர்வ் வங்கி திட்டம் வகுக்கும், மத்திய அரசு ஒப்புதல் தரும். பங்குதாரரின் வாக்குக்கு அங்கே இடமில்லை.

கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943இல் மதுரையில் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, பேசி முடித்த இணைப்பாக 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்தது. ஒரு மதுரா பங்குக்கு இரண்டு ஐசிஐசிஐ பங்குகள். 100 பங்கு வைத்திருந்தவருக்கு 200 வந்தது. விற்காமல் வைத்திருந்தால், 10 ரூபாய் முகமதிப்பு 2 ரூபாயாகப் பிரிக்கப்பட்ட 2014இல் அது 1,000 ஆனது. 2017இல் பத்துக்கு ஒன்று போனஸ் சேர்ந்து 1,100. வங்கியின் பெயர் போனாலும் போட்ட முதல் போகவில்லை.

கரூர் வணிகர்கள் ஏழு பேர், வி.எஸ்.என். ராமலிங்க செட்டியார் தலைமையில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதை வேறு. ஊர் வியாபாரத்துக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பிற்காலத்தில் பெருநிறுவனக் கடன்களில் சிக்கியது. 2020 ஜூன் நிலவரப்படி, கொடுத்த கடனில் கால் பங்கு வாராக்கடன். அந்த செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள். பங்குதாரர்கள் கையில் இருந்த அதிகாரம் அத்தோடு முடிந்தது. நவம்பர் 17இல் 25,000 ரூபாய்க்கு மேல் பணம் எடுக்கத் தடை வந்தது. 27ஆம் தேதி, 45ஆம் பிரிவின்படி, வங்கி டிபிஎஸ் இந்தியா வங்கியுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட்டுகள் முழுமையாகக் காப்பாற்றப்பட்டன, ஊழியர்களின் வேலை நீடித்தது. பங்கு மூலதனம் மட்டும் மொத்தமாகத் தள்ளுபடியானது. தலைமுறையாகப் பங்கை வைத்திருந்த கரூர்க் குடும்பங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

நஷ்டத்தை முதலில் தாங்க வேண்டியவர் பங்குதாரர்தான். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில், அதே 45ஆம் பிரிவின்படி யெஸ் வங்கி சீரமைக்கப்பட்டபோது, அதன் பங்குகள் ரத்தாகவில்லை. பெரும்பகுதியை மூன்றாண்டு விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டுமே விதிக்கப்பட்டது. 563 கிளைகளோடு கைமாறிய கரூர் வங்கியின் பங்குக்கு மதிப்பே இல்லை என்று முடிவு கட்டியது நியாயமாகத் தெரியவில்லை.